இரண்டு மாடும் பத்தரை அங்குலமும்

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டில் எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி, மாதம் எத்தனை யூனிட், சமையல் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, இவற்றில் எதையெல்லாம் குறைக்கலாம் என்று நிரப்ப வேண்டும். அவள் நேராக என்னிடம் வந்தாள். இந்த வீட்டில் எண்ணுகிற வேலை என்னுடையது. விளக்கு பதினொன்று, அவற்றில் ஆளில்லாத அறையில் எரிவது எப்போதும் மூன்று. சிலிண்டர் போன தடவை ஐம்பத்திரண்டு நாள் வந்தது, இந்தத் தடவை நாற்பத்தேழுதான். அந்த ஐந்து நாள் எங்கே போயிற்று என்று கேட்டால் மருமகள் எழுந்து போய்விடுவாள். மகன் கூரையில் ஆறு சூரியத் தகடு வைத்தான். அவை வந்த பிறகு, நம் வீட்டுக் கரண்டுதானே என்று, ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறி ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. இதையும் நான்தான் எண்ணினேன்.

தாளின் கடைசிக் கேள்வி, வீட்டுப் பெரியவர் சிறுவயதில் பயன்படுத்திய எரிபொருள் எது என்பது. விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு, மின்சாரம் என்று நான்கு கட்டங்கள்.

"எதுல டிக் போடணும் பாட்டா?" என்றாள்.

எரிவாயுவில் போடச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த எரிவாயு எதிலிருந்து வந்தது என்று கேட்க தாளில் இடமில்லை. அதைப் பத்து வயதில் நானே கண்டுபிடிக்கப் பார்த்து, கிட்டத்தட்ட என் அம்மாவின் அடுப்பையே அணைத்துவிட இருந்தேன்.

குழித்துறைக்கு மேற்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு இருந்தது. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அம்மா, நான், இரண்டு தங்கைகள் என்று மொத்தம் ஐந்து பேர், மாடு இரண்டு. அடுக்களையில் எரிந்தது ரப்பர் விறகும் தென்னமட்டையும். ரப்பர் விறகு காய்ந்தாலே புகையும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு உலை சோறு வடிப்பதற்குள் அம்மா எத்தனை தடவை இருமுகிறாள் என்று எண்ணியிருக்கிறேன். இருபதுக்குக் குறைந்த நாள் கிடையாது. கண் எப்போதும் சிவந்து நீர் வடியும். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், இனிப் புகையில் நிற்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். புகையில் நிற்காமல் ஐந்து பேருக்குச் சோறு வைப்பது எப்படி என்று அவர் எழுதித் தரவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வட்டார அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். சாண எரிவாயு பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கு வேறு யாரும் போகச் சம்மதிக்காததால் அவரை அனுப்பிவைத்தார்கள். போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார்.

"அக்கா, ஒனக்க கண்ணுக்கு மருந்து ஆஸ்பத்திரியில இல்ல, தொழுவத்துல கெடக்கு" என்றார்.

தொழுவத்துக்குப் பக்கத்தில் கிணறு போல் ஒரு குழி வெட்டி, செங்கல் கட்டி, அதில் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்து மிதக்கவிட்டார்கள். சாணியை வெள்ளத்தில் (தண்ணீரைத்தான் எங்கள் பக்கம் வெள்ளம் என்போம்) கரைத்து ஒரு குழாய் வழியாகக் குழிக்குள் விட வேண்டும். உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும், அடுக்களையில் அடுப்பு எரிய எரிய கீழே இறங்கும். அவ்வளவு கனமான இரும்பைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தூக்கி நிறுத்துவது எனக்குத் தீராத அதிசயமாக இருந்தது. ஒரு நோட்டு போட்டேன். டிரம் நிற்கும் உயரத்தை அடிக்கோலால் இரவுச் சமையல் முடிந்ததும் ஓர் அளவு, காலையில் அடுப்பு மூட்டுமுன் ஓர் அளவு எடுப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி, பக்கத்தில் எத்தனை கூடை சாணி, எத்தனை குடம் வெள்ளம், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எழுதுவேன். ஆட்களை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எண்ணக் கிடைத்ததையெல்லாம் எழுதினேன், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஓர் இரவுக்கு நான்கு அங்குலம்தான் எழும்பியது. பாதிச் சோறு வேகும்போதே நீலத் தீ குறுகி, பக்கென்று அணைந்துவிடும். அம்மா பானையைத் தூக்கிப் பழைய விறகடுப்பில் வைப்பாள். அந்த டிரம்முக்கு நான்கு மாடாவது வேண்டும் என்று பயிற்சியில் கொடுத்த கையேட்டிலேயே போட்டிருந்ததாம். மாமா அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, அப்பா சபைக் கமிட்டிக்குப் போயிருந்தபோது, மாமா மண்வெட்டியோடு வந்தார். வீட்டுக்குப் பின்னால் அப்பா புதிதாகக் கட்டிய கக்கூஸிலிருந்து குழி வரைக்கும் நீளமாக ஒரு சால் வெட்டிக் குழாய் பதித்து, சாயங்காலத்துக்குள் மண் போட்டு மூடிவிட்டார். என்ன மாமா என்று கேட்டதற்கு, மழை வெள்ளம் போவதற்கு என்றார். நம்பினேன். உண்மை தெரிந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது; பாழாகிக் கிடந்த குழியைத் தூர்க்க வந்த ஆள் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இப்போது இல்லாததால் சொல்கிறேன். அன்றைக்கு அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் டிரம்மோடு மாமாவையும் தூக்கி ரோட்டில் வைத்திருப்பார். அவர் தினமும் இரண்டு வேளை குளிப்பவர். சட்டையில் சாணி ஒரு துளி தெறித்தாலும் மாற்றிக்கொண்டுதான் ஜெபத்துக்கு உட்காருவார்.

பத்து நாளில் டிரம் ஏழு அங்குலம் எழும்பத் தொடங்கியது. இரண்டு வேளைச் சோறும் முழுதாக வெந்தது. ஒரு மாதத்தில் அம்மாவின் இருமல் ஓர் உலைக்கு மூன்றாகக் குறைந்திருந்தது.

ஆனால் அப்பா இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. எந்தக் காரியத்திலும் கடைசிச் சொல் அத்தையுடையது. அத்தை அப்பாவின் மூத்த சகோதரி, தாய் இல்லாத வீட்டில் அப்பாவை வளர்த்தவர். "அக்கா வந்து பாக்கட்டு. அவ சரின்னா இருக்கட்டு. இல்லன்னா டிரம்மக் களத்திப் போட்டுருவோம்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

பள்ளி விடுமுறையில் அத்தை நெய்யூரிலிருந்து வந்தார். கூடவே அவர் கணவரும் ஐந்து பிள்ளைகளும். இரண்டு வாரம் தங்கி, கடைசியில் எங்கள் வீட்டில் நடக்கவிருந்த ஜெபக்கூட்டத்தையும் முடித்துக்கொண்டு போவதாகத் திட்டம். வந்த அன்றே அடுக்களை வாசலில் நின்று மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டார்.

"ஏட்டி, சாணியில வெந்த சோறயா எனக்க தம்பிக்குப் போடுதே?"

"சாணியில இல்ல மைனி, கேஸுலயாக்கும்" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதே குறைவு. அம்மா வைக்கும் மீன்குழம்பில் அத்தை நாலு குறை கண்டுபிடிப்பார். அம்மா நாலையும் கேட்டுக்கொண்டு மறுநாள் அதே மாதிரி வைப்பாள்.

அத்தை சுத்தக்காரி. கையோடு ஒரு பெரிய புட்டி பினாயில் கொண்டுவந்திருந்தார். தினமும் காலையில் கக்கூஸில் தாராளமாக ஊற்றினார். குழிக்குள் வாயுவை உண்டாக்குவதும் கிருமிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றே நாளில் டிரம் தளர்ந்துபோயிற்று. ஏழு அங்குலம் என்பது ஐந்தாகி, நாலாகி, மூன்றேகால் ஆயிற்று. நான்காம் நாள் காலை சாயா போடும்போதே தீ அணைந்தது. அத்தை சிரித்தார். அம்மா விறகு எடுக்கத் தொழுவத்துக்குப் போனாள். போகும்போதே இருமினாள், புகை வருமுன்பே.

அன்று சாயங்காலம் வந்த மாமாவிடம் நோட்டைக் காட்டினேன். மூன்றேகாலைப் பார்த்ததும் அவர் மூக்கை உறிஞ்சி, இந்தப் பினாயில் மணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சற்று நேரத்தில் பினாயில் புட்டி காணாமல்போனது. மறுநாள் காலையில் அத்தை முற்றத்தில் நின்று மாமாவை வழிமறித்தார்.

"ஏலே, எங்க எனக்க பினாயிலு? நீ எடுத்தத எனக்க பிள்ளையள் கண்டிருக்கு."

"அக்கா, அது வந்து, மாட்டுக்கு ஆவாது."

"மாடு கக்கூஸுக்கா போவுது?"

மாமா தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தார். அத்தை கக்கூஸைப் பார்த்தார். அங்கிருந்து புது மண் மூடிய அந்த நீண்ட கோட்டைத் தொடர்ந்து அவர் கண் மெதுவாக நகர்ந்து குழியில் போய் நின்றது. ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் அங்கேயே நின்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய், விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மாவின் அருகே பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டே சோறு வடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பினாயில் பேச்சு அதோடு நின்றுபோனது.

நாலைந்து நாளில் டிரம் எழும்பியது. ஏழோடு நிற்கவில்லை; எட்டேமுக்கால், ஒன்பதரை, ஒரு நாள் பத்தரை. சாணி அதே மூன்று கூடை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு மாடும் அன்றைக்கு என்ன தின்றன என்றுகூட விசாரித்தேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் மாறியிருந்த எண் ஒன்றே ஒன்றுதான். ஐந்து, பன்னிரண்டு ஆகியிருந்தது.

ஜெபக்கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். பாதிப் பேர் ஜெபத்துக்கு, பாதிப் பேர் நீலத் தீயைப் பார்க்க. போதகர் டிரம்மைச் சுற்றிவந்து ஆச்சரியப்பட்டபோது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பய இதுக்கு ஒரு கணக்கே எழுதி வச்சிருக்கான் ஐயா" என்று என்னை முன்னால் இழுத்துவிட்டார்.

"வாசி மக்கா, கேப்போம்" என்றார் போதகர்.

வாசித்தேன். ஆள் ஐந்து, சாணி மூன்று கூடை, ஏழு அங்குலம். ஆள் பன்னிரண்டு, சாணி மூன்று கூடை, பத்தரை அங்குலம்.

அப்பாவுக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "நில்லு. சாணி கூடல்ல. பொறவு டிரம்மு எப்பிடி கூடிச்சு?"

"ஆளு கூடினதுனால" என்றேன்.

"ஆளு கூடினா டிரம்மு எப்பிடிலே பொங்கும்? அவியெல்லாம் அடியில நின்னு தூக்குதாவளா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கையில் இருந்த கடைசிச் சான்றையும் எடுத்து வைத்தேன். "அத்தை பினாயில் ஊத்தின மூணு நாளும் கொறஞ்சுதே. எழுதியிருக்கேன், பாருங்க."

"பினாயிலா?" அப்பாவின் நெற்றி சுருங்கியது. "அது கக்கூஸுல இல்லியா ஊத்துவாவ?"

சுகியன் தட்டோடு வந்த மாமா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அம்மா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நோட்டுக்குக் கையை நீட்டினார்.

"தம்பி, நீ சும்மா இரி" என்று அத்தையின் குரல் வந்தது. "பிள்ளைக்க கணக்குல என்ன தப்பு? வீட்டுக்கு விருந்து வந்தா கர்த்தர் பெருகப்பண்ண மாட்டாரா? ஐயா, நீங்க சொல்லுங்க."

போதகர் அதுவரை அன்றைய செய்திக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்படியே பற்றிக்கொண்டார். விருந்தோம்பலும் ஆசீர்வாதமும் என்று முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். டிரம் என்ற சொல் ஒன்பது தடவை வந்தது. அப்பா கண்களை மூடித் தலையசைத்துக் கேட்டார். மாமா இடையில் எழுந்து போனார், எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் துவர்த்தை வாயில் திணித்துக்கொண்டு தோள்கள் குலுங்க நின்றிருந்தார். பிரசங்கம் அவர் மனதை இவ்வளவு தொட்டுவிட்டதே என்று எனக்கு மரியாதை வந்தது.

கூட்டம் கலைந்ததும் அத்தை அப்பாவிடம் சொன்னார். "அடுப்பு இருக்கட்டுலே. எனக்கு ஒரு கொறையும் தெரியல்ல. அவளுக்க கண்ணப் பாத்தியா, கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி தெளிஞ்சு கெடக்கு."

எனக்கு மட்டும் திருப்தி இல்லை. ஆசீர்வாதம் என்றால் ஏன் சரியாக மூன்றரை அங்குலம்?

மறு வருடம் அத்தை வீட்டிலும் டிரம் வைத்தார்கள். வேலையெல்லாம் மாமாதான் செய்து கொடுத்தார். அதுவும் அத்தையின் கணவர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில். விடுமுறைக்கு அம்மாவோடு போனபோது அடிக்கோலையும் நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். மறுநாள் காலையில் அளந்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய் மாட்டை எண்ணினேன். எண்ண ஒன்றுமில்லை. ஒரே ஒரு மாடு, அதுவும் கிழடு. டிரம் எட்டு அங்குலம் எழும்பியிருந்தது.

அடுக்களைக்கு ஓடினேன். அத்தை அடுப்பின் முன்னாலும் அம்மா அவர் பக்கத்திலும் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, ஒரு மாட்டுல எப்பிடி எட்டு அங்குலம் வரும்?"

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயத்தைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுல ஜெபம் கூடுதலு மக்கா" என்றார் அத்தை.

நான் வெளியே வந்தபோது பின்னால் இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன வேடிக்கை என்று விளங்காமல் டிரம்மின் நிழலில் உட்கார்ந்து, நோட்டில் சாணி, வெள்ளம், ஆள் என்ற மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் அடிக்கோல் வைத்து நாலாவதாக ஒரு கோடு போட்டேன். மேலே ஜெபம் என்று எழுதிவிட்டு, அத்தை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன்.