ஃபிளாப்பியில் தமிழ் கொண்டுபோனவர்

2004 மார்ச் 9, செவ்வாய், காலை 10.40. எங்கள் வலைத்தள நிறுவனத்தை வாங்க வந்த சென்னைக்காரர்களுக்காகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மொத்தம் முப்பத்தேழு தளங்கள், அதில் தமிழ் இருபத்தொன்று. போன் வந்தது. என் பார்ட்னர் ஜெகந்நாதன் திருப்பரங்குன்றம் போகிற வழியில் டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. தமிழ்த் தளங்களை மூடிவிடுவோம் என்றார்கள் வாங்குகிறவர்கள். நான் சரி என்றேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

“நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் மாப்ள சைட்டு வாங்குனாக. நாளைக்கு இந்த ரோட்டுல எப்படி நடப்ப?”

“நடக்க வேண்டாம்ணே, கார்ல போயிக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சமாதானம் சொல்லவில்லை.

அவர் தளங்களை விற்ற விதமே தனி. முகப்புப் பக்கங்களைக் கலரில் அச்செடுத்து, கல்யாண ஆல்பத்தில் ஒட்டி, கடை கடையாக விரிப்பார். சோழவந்தான் வெற்றிலை வியாபாரி ஒருவர் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “இதுல மாப்பிள்ளை யாரு?” என்று கேட்டார். “நீங்கதாண்ணே” என்றார் ஜெகந்நாதன். அன்றே ஆர்டர் கிடைத்தது.

தளங்களைச் செய்தது நான். எங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் அந்தத் தளங்கள் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அதனால் ‘எழுத்துருவை இறக்க இங்கே சொடுக்கவும்’ என்று மேலே ஒரு வரி போட்டேன். அந்த வரியையும் அதே எழுத்துருவில்தான் போட்டிருந்தேன். நான்கு வருடம் அதைக் கவனிக்கவில்லை. புகார் வராததால் என் வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

துக்க வீட்டில் கோச்சடை பிரவுசிங் சென்டர்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இனிமே ஃபாண்ட் போட யாருண்ணே வருவாக? போன வாரம் ரெண்டு சிஸ்டத்த ஃபார்மட் பண்ணேன். வெத்தலக்காரர் சைட்டு புழு நெளியுற மாதிரி கெடக்கு.”

அப்போதுதான் தெரிந்தது. ஊரிலுள்ள சென்டர் ஒவ்வொன்றிலும் ஏறி, எழுத்துருவை ஃபிளாப்பியில் கொண்டுபோய்க் கையாலேயே போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார் ஜெகந்நாதன்.

“எங்கிட்ட அவரு ஏன் சொல்லல?”

“சொன்னா, ‘அம்புட்டுப் பேரும் முட்டாப் பயலுக’ன்னு ஆரம்பிச்சிருவீகளாம். அதுக்கு வண்டிய எடுக்குறது லேசும்பாரு.”

நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஜெகந்நாதனின் சட்டைப்பையில் இருந்த அந்த ஃபிளாப்பியை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். முனை தேய்ந்திருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். அழக்கூடத் தெம்பில்லை. செய்யப்போவதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

1. சென்னைக்குப் போன் செய்து, தமிழ்த் தளங்கள் இருபத்தொன்றையும் தொடர்ந்து நடத்துவதாக எழுதிக்கொடுத்தால்தான் விற்பனை என்று சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் விற்பனை இல்லை.
2. எழுத்துரு போடாமலே புதுக் கணினிகளில் தெரியும் யூனிகோடுக்கு அத்தனையையும் மாற்ற வேண்டும். இரண்டு மாதம் ஆகும்.
3. அதுவரை இந்த ஃபிளாப்பி. நாளை காலை முதலில் கோச்சடை. நடந்தே போகிறேன்.