நொய்யில் வளர்த்த பச்சை

ஏரிக்கரை மேல் நடந்துகொண்டிருந்தேன். ஈரத் துண்டில் சுற்றிய கண்ணாடிப் புட்டி ஒன்று என் கக்கத்தில் இருந்தது. வாயில் பஞ்சு அடைத்த புட்டி. உள்ளே கரும்பச்சையாகப் பூஞ்சணம். எங்களிடம் கெடாமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துண்டு காய்ந்தால் புட்டி சூடாகும். சூடானால் உள்ளே இருப்பது செத்துப்போகும். அது செத்தால் என்னை வேலைக்கு வைத்திருந்தவனின் தொழிலும் அன்றோடு முடிந்தது. அதனால் மதகைக் கண்ட இடத்திலெல்லாம் இறங்கித் துண்டை நனைத்துக்கொண்டேன்.

பின்னால் ஊர், முன்னால் காலனி. அன்று காலை வேலையை விட்டு அனுப்பப்பட்ட இரண்டு பெண்களிடம், இந்தப் புட்டிக்கு இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பழையசீவரம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு நடந்து வந்தபோதுதான் உத்திரமேரூரைத் தாண்டி இந்த ஊரில் வேலை கிடைத்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. வேலை கொடுத்தவன் என்னைவிடச் சின்னவன், நிலபுலன் உள்ள குடும்பம். விவசாயத்தில் டிப்ளமா படித்துவிட்டு, அப்பாவின் டிராக்டர் கொட்டகையைக் காலி செய்து அதில் பூஞ்சணம் வளர்த்துக்கொண்டிருந்தான்.

விதையில் இந்தப் பச்சைப் பூஞ்சணத் தூளைக் கலந்து விதைத்தால் வேர்க்கடலைக்கு வேரழுகல் வராது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு ஆராய்ச்சி நிலையத்தார். எந்த அரிசியில் வளர்ப்பது, எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு, எல்லாவற்றையும் எழுதி இணையத்தில் போட்டுவிட்டார்கள். கேட்டு எழுதிக் காத்திருந்தால், மூலப் பூஞ்சணம் அடைத்த தாய்ப் புட்டியும் அனுப்புவார்கள். அவன் செல்போனில் அந்தப் பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான். "இதுக்கு சொந்தக்காரன்னு ஒருத்தனும் கெடையாது. ஊருக்கே எழுதி வெச்சிட்டாங்க. யாரு வேணும்னாலும் பண்ணலாம், விக்கலாம்" என்பான். எங்கள் எல்லோரிடமும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறான்.

அந்தக் குறிப்பில் இல்லாதவை நிறைய இருந்தன. கரண்டு போனால் என்ன செய்வது என்று அதில் இல்லை. பக்கத்து அரிசி மில் நொய் ஒரு மூட்டைபோல் இன்னொரு மூட்டை இருக்காது என்று இல்லை. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் வளராது என்றும் இல்லை. அதையெல்லாம் அவன் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டான். மேலே ஓலை வேய்ந்தான், சாக்கு கட்டித் தண்ணீர் விட்டான். நொய்யை அரைவேக்காடாக வேகவைத்து, அலுமினியத் தட்டுகளில் பரப்பி, தாய்ப் பூஞ்சணத்தைத் தூவி, ஈர வெள்ளைத் துணி போர்த்தி வைப்போம். ஒரு வாரத்துக்குமேல் ஆனால் தட்டு முழுக்கப் பச்சை பிடிக்கும். இந்த வேலைக்குக் காலனியிலிருந்து ஒரு அக்காவும் அவர் நாத்தனாரும் வந்தார்கள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்தது. காஞ்சிபுரத்தில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் எடுத்துப் பார்த்து, விதைப்புக்கு இன்னும் வேண்டும் என்றார். அவர் கேட்ட பிறகு செய்ததெல்லாம் கெட்டது. பச்சை வர வேண்டிய இடத்தில் மஞ்சள் கோழை. கொட்டகையே புளித்து நாறியது. அதே குறிப்பை வேறொரு கம்பெனியும் படித்திருந்தது. அவர்களுக்கு ஏசி அறை இருந்தது, மெஷின் இருந்தது. கடைக்காரர் முகம் கோணாமல்தான் சொன்னார்: "அடுத்த வாரம் கடைசியில வண்டி அனுப்புவேன் தம்பி. சரக்கு இருந்தா ஏத்திக்குவான். இல்லாங்காட்டி அவங்ககிட்ட வாங்கிக்கறேன். வெதைக்கறவன் காத்துகினு இருக்க மாட்டான்."

தட்டுகளை ராத்திரியில் எலி தொடுகிறதோ என்று சந்தேகம். நான் புட்டியோடு நடந்த அந்த நாள் விடியும்போது நானும் அவனும் கொட்டகைச் சுவரோரம் நின்றோம். வந்தது அவன் அம்மா. குளித்த ஈரத் தலை, கையில் பித்தளைச் சொம்பு, மாவிலைக் கொத்து. உள்ளே போய், போர்த்தியிருந்த வெள்ளைத் துணிகள் மேல் ஒவ்வொரு தட்டாகத் தெளித்துக்கொண்டே போனார்கள். ஒரு மூலையையும் விடவில்லை.

"இன்னாம்மா பண்றே?" அவன் குரல் கிழிந்துபோயிருந்தது.

"கத்தாதடா. கோமியம் தெளிக்கறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? காலனிலேர்ந்து ரெண்டு பொம்பளைங்க வந்து பொழுதுக்கும் பொழங்கறாங்க. இந்த செவுத்துக்கு அந்தாண்டதான் சாமி ரூம்பு கீது. தெளிக்காம?"

"எப்பலேர்ந்து இப்டி பண்ணிக்கினு கீறே?"

"அவளுங்க வந்த நாளா. மொதல்ல வாசப்படியிலதான் தெளிச்சேன். சரக்கு கெட்டுப்போச்சின்னு நீ சோறு துன்னாம படுத்தே பாரு, அப்பால உள்ளயும் தெளிக்கறேன், ரெண்டு வேளையும். நீ நல்லா இருக்கணும்னுதாண்டா."

அவன் ஒரு துணியைத் தூக்கினான். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். சரக்கு கெடக் கெட அந்த அம்மா தெளித்திருக்கிறார்கள், தெளிக்கத் தெளிக்கச் சரக்கு கெட்டிருக்கிறது.

"இதுல மூத்தரம் பட்டா அவ்ளோதாம்மா. கிருமி பூந்துடும்."

"பயிருக்கு கோமியம் நல்லதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறியே. உன் பயிருக்கு மட்டும் ஆவாதா?"

அவன் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தது உண்மைதான்.

வழக்கமான நேரத்துக்கு அக்காவும் நாத்தனாரும் வந்தார்கள். இரண்டு பேரும் வராமல் இருந்தால் அம்மா தெளிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்ற கணக்கில் அவன் அவர்களைக் கேட்டிலேயே நிறுத்தினான்.

"ரெண்டு வாரம் வர வேணாம்க்கா. அப்பால நானே கூப்புடறேன்."

"இன்னா சேதி?" என்றார் அக்கா.

அவன் தரையைப் பார்த்தான். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தீட்டுன்னு சொல்லேன்டா. இன்னாத்துக்கு முழுங்கறே?" கூடவே கோமியம், தட்டு, துணி என்று எல்லா விஷயமும் வெளியே வந்துவிட்டது.

அக்கா முழுவதும் கேட்டார். பிறகு சிரித்தார். "கை கழுவு, கால் கழுவு, தலைக்கித் துணி கட்டு, வாய மூடு. சோப்பு போட்டு சோப்பு போட்டு எங்க கையி தோலு உரிஞ்சிபோச்சி. கடசில மாட்டு மூத்தரத்தாலதான் கெட்டுதா உன் சரக்கு? வாடி போலாம்."

அவர்கள் போன பிறகு அவன் என்னிடம் வந்தான். "நீயும் நானும் போதும். நாளைக்கே நொய் வேகவெச்சாதான் வண்டி வர்றதுக்குள்ள ஆவும். உன்னப்பத்தி அம்மா ஒண்ணும் சொல்லாது."

"நான் எந்தத் தெருன்னு இன்னும் என்னைக் கேக்கலியே அவங்க. கேட்டுட்டா ரெண்டு மாட்டு கோமியம் பத்தாது" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் கொட்டகையில் வாளிச் சத்தம். இனியாவது நல்லபடியாக வரட்டும் என்று அவன் அம்மா சாணியைக் கரைத்துத் தரையை மெழுக ஆரம்பித்திருந்தார்கள். அவன் வாசலில் நின்று பார்த்தான். இனி அந்த இடத்தில் எதுவும் வளர்க்க முடியாது என்பது எனக்கே புரிந்தது. அவன் வீட்டுக்குள் போய் பிரிட்ஜைத் திறந்து கடைசித் தாய்ப் புட்டியை எடுத்து வந்தான்.

"அக்காவோட தம்பி வூடு பூட்டிதான கெடக்குது? சிமெண்டுத் தரை. கேட்டுப் பாரேன்."

"நீ வரலியா?"

"நீ மொதல்ல போ" என்றான்.

அப்படித்தான் நான் ஏரிக்கரையில் நடந்தேன்.

அக்கா தன் வீட்டு முன்னால் வேலிக்காத்தான் கிளைகளை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாப்பா, புட்டிய அணைச்சிகினு வர்றே? சரக்கா?"

"அந்தச் சரக்கா இருந்தா வழியிலயே காலி பண்ணியிருப்பேன்க்கா."

பக்கத்தில் இருந்த நாத்தனார் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் தம்பி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் தொகுப்பு வீடு ஒன்று பக்கத்திலேயே பூட்டிக் கிடந்தது. அக்கா அதைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன வரச் சொல்லு."

"வருவானாக்கா?"

"வரலன்னா போவட்டும். ஆள வுட்டுக் கேக்கறதுக்கு இன்னா, பொண்ணு பாக்கறானா?"

நாத்தனார் புட்டியை என்னிடமிருந்து வாங்கி, தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் புதைத்து வைத்தார். "இது இன்னா பாவம் பண்ணிச்சி" என்றார். நான் அவனுக்குப் போன் செய்தேன். நான் பேசியதெல்லாம் கேட்டுவிட்டு, "அங்கியா?" என்றான். "பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

பகல் முழுக்கக் காத்திருந்தோம். மணல் காயக் காய நான் தண்ணீர் விட்டேன். நாளை காலை நொய் அடுப்பில் ஏறாவிட்டால் வண்டி வெறுமனே திரும்பும், கடைக்காரர் மறுபடி இவனைத் தேட மாட்டார். அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. விறகை வெட்டி அடுக்கி முடித்தார். மாட்டுக்காரர் ஒருவர் தெருமுனையில் நின்றபடியே களையெடுக்க வர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். "பொழுது போன பெறகு சொல்றேன்" என்றார் அக்கா. அப்போதுதான் அவரும் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

சாயங்காலம் பைக் சத்தம் கேட்டது. தெருமுனைக் குழாயடியில் நின்றது. ஊர்க்காரர்கள் கூலிக்கு ஆள் கூப்பிட வந்தால் அங்கேதான் நிற்பார்கள், உள்ளே வர மாட்டார்கள். அவன் ஆரன் அடித்தான்.

"ஆரன் அடிச்சா ஆடுதான் வெலகும்" என்றார் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீ குந்து" என்றார்.

அவன் பைக்கிலேயே இருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ப்பக்கம் தீவனக் கட்டோடு போன இரண்டு பேர் வண்டியை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் அவனுக்குச் சித்தப்பா முறை.

"இன்னாடா இங்க நின்னுகினு கீறே? ஆளு வேணுமா? கூப்புடட்டுமா?"

ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பார்.

"இல்ல சித்தப்பா. இவங்க வூட்டுக்கு வந்தேன்."

"யாரு வூட்டுக்கு?"

அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். பின்னால் அந்த இரண்டு பேரும் அவன் வாசல் சேரும்வரை நகரவில்லை. ஊருக்குள் செய்தி அவனுக்கு முன்னால் போய்விடும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

நாத்தனார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அவன் நுனியில் உட்கார்ந்தான்.

"காலைல பேசினது தப்புக்கா."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். இத கண்டுபுடிச்சவங்க ஊருக்கே குடுத்துட்டாங்க, யாரு வேணும்னாலும் பண்ணலாம்னு நீதான சொல்லிகினு இருந்தே?"

"ஆமா."

"அந்த யாருல நாங்க சேத்தியா, இல்லியா?"

அவன் விழித்தான். "சேத்திதான்."

"வூடு எங்களுது. கையி எங்களுது. புட்டி இப்ப எங்க மணல்ல கீது. அப்போ உன்னுது இன்னா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "விக்கற லைசன்சு என் பேர்ல கீது. கடைக்காரரு என்னை நம்பிதான் வண்டி அனுப்பறாரு. எதனால கெடுதுன்னு எனக்கு..."

"அத நீ கண்டுபுடிச்ச லட்சணத்ததான் பாத்தமே" என்றார் நாத்தனார்.

அவனே சிரித்துவிட்டான். உடனே முகம் சுருங்கியது. அக்கா அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. "இனிமே கூலிக்கு வர மாட்டோம். பங்குக்குன்னா சேந்து பண்ணலாம். நீ ஒரு பங்கு, நாங்க ஆளுக்கு ஒரு பங்கு. இல்லன்னா புட்டிய எடுத்துகினு போ, தோ, மணல்லயே கீது. நாங்களும் அவங்களுக்கு எழுதிப் போட்டு வேற புட்டி வாங்கிக்கறோம். இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம். எங்களுக்கு வண்டி இன்னா, வாசல்லியா நிக்குது?"

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவன் பானை அடியைப் பார்த்தான், பூட்டிய வீட்டைப் பார்த்தான்.

"அம்மா என்னை வூட்டுக்குள்ள வுடாது" என்றான்.

"உன் தலையில தெளிச்சிட்டு உள்ள வுடும். இங்க தெளிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார் அக்கா.

அவன் ஒத்துக்கொண்டான். சந்தோஷமாக ஒத்துக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். வேறு வழி இருந்திருந்தால் அதில் போயிருப்பான். எனக்கும் ஒரு பங்கு என்று அக்கா சொன்னபோது வேண்டாம் என்றேன். பங்கு கைக்கு வரும்வரை ஒரே இடத்தில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அன்றன்றைக்குக் கூலி போதும் என்றேன்.

மறுநாள் காலை அந்த வீட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் வேலையை அவனும் நாத்தனாரும் எடுத்துக்கொண்டார்கள். அவன் கண் வீங்கியிருந்தது, மாற்றுச் சட்டை ஒரு பையில் இருந்தது. எங்கே படுத்தான் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அடுப்பு. வாசலில் மூன்று கல் வைத்து, அக்கா வெட்டிய விறகைச் செருகி, அண்டாவில் நொய்யைப் போட்டேன். குழைந்தால் கட்டி பிடித்து அழுகும். வேகாவிட்டால் பூஞ்சணம் வேர் பிடிக்காது. மூடியைத் திறந்து திறந்து, ஒரு குருணையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்து, நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிகிறபோது இறக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.