வீட்டில் பேசாத தெலுங்கு

எண்பதுகளில் ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஃபேக்டரித் தொழிலாளி ஒருவர், மதியம் திடீரென்று தெலுங்கில் பேசத் தொடங்கினார்.

"இவரு பேச்சு சரியில்லீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார் அவர் மனைவி.

"இந்த ஊர்ல எல்லாரும்தான் மூணு பாஷை பேசுறாங்க" என்று சிரித்தேன். சார்ட்டில் 'நன்றாகப் பேசுகிறார்' என்றும் எழுதினேன்.

"தெலுங்கு அவங்கம்மாகிட்ட மட்டுந்தாங்க பேசுவாரு. அவங்க செத்து அஞ்சு வருசமாச்சு. என்னை அவங்கன்னு நெனச்சுப் பேசுறாரு."

நாடியைத் தொட்டேன். எண்ண முடியாத வேகம். கை சில்லிட்டிருந்தது. டாக்டரிடம் ஓடினேன். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. மறுபடி ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்.

"முதல்ல யார் கவனிச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

"நர்ஸம்மாதாங்க" என்றார் அந்த மனைவி.

அவர் ஏன் அப்படிச் சொன்னார், நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.