மொட்டைமாடியில் விழுந்த சாம்பல்

எத்தியோப்பியாவில் வெடித்த எரிமலையின் சாம்பல் பம்மலில் என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நம்பினேன். துளி சந்தேகமும் இல்லாமல். ஐம்பத்திரண்டு வயதில் மனுஷனுக்கு இவ்வளவு நம்பிக்கை ஆகாது.

என் மனைவி மஸ்கட்டில் கணக்கு டீச்சர். வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவில் வருவாள். மற்ற நாட்களெல்லாம் அந்தப் பத்து நாளைப் பார்த்துக்கொண்டேதான் கழியும். வெளியே சொல்லமாட்டேன். யாராவது கேட்டால், "பத்து நாள் ரிமோட் நம்ம கையில இல்ல" என்று அலுத்துக்கொள்வேன்.

புதன்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பீரோவிலிருந்த அவளுடைய காட்டன் புடவைகளை மாடிக் கொடியில் போட்டேன். என் இரண்டு சட்டைகள் பால்கனியிலேயே காய்ந்துவிடும். மாடிக்கு ஏறுவது அவள் வருகிற சமயத்தில்தான். பூச்சி உருண்டை வாசனை போகட்டும் என்று சாக்கு. கொடியில் அவள் புடவை ஆடினால் அவள் கீழே சமையலறையில் இருப்பது போல இருக்கும்.

டிவியில் சாம்பல் மேகம், ரத்தான விமானங்கள், நம் பக்கம் நீளும் அம்புக்குறி. மாடிக்கு ஓடினேன். நீலப் புடவை முழுக்கக் கறுப்புத் துகள். படம் எடுத்து அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இங்க சாம்பல் விழ ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு ஏறாத. இன்ஜினுக்குள்ள போனா அவ்ளோதான்."

"ஏங்க, விளையாடறீங்களா?"

"உன்மேல சத்தியமா இல்ல."

இருபத்தாறு வருஷத்தில் நான் சீரியஸாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. என் குரல் நடுங்கியதும் நம்பிவிட்டாள். டிக்கெட்டை மாற்றினாள். அடுத்த இடம் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. லீவோ புதன்கிழமையே தொடங்கிவிடும்.

சாயங்காலம் அந்தச் சாம்பலைத் தீப்பெட்டிக்குள் சேகரித்துக்கொண்டிருந்தேன். சரித்திரம் அல்லவா. பக்கத்து வீட்டு பாய், கல்யாணங்களுக்கு பிரியாணி போடுபவர், தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், அக்கா புடவைய மோந்துகினு இருக்கீங்க?"

"எரிமலைச் சாம்பல், பாய்."

"அட போங்க சார்! காலைல நாலு தேக்சா பிரியாணி தம் போட்டேன். மூடி மேல இருந்த கங்கோட சாம்பல் காத்துல பறந்துச்சு. நல்லா மோந்து பாருங்க, மசாலா வாசன வரும்."

வந்தது.

"அக்கா நாளைக்கு வராங்க இல்ல? ஒரு பக்கெட் பிரியாணி எடுத்து வெக்கிறேன்" என்றார். தீப்பெட்டியை மூடினேன்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அந்த சீட்ட வேற யாருக்கோ குடுத்துட்டாங்கங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை மதியம் மாடியில் நின்றேன். புடவைகளை இன்னும் எடுக்கவில்லை. அவள் வந்திருக்க வேண்டிய விமானம் குன்றத்தூர் பக்கமிருந்து தாழ்ந்து வந்து, பத்து நிமிஷம் முன்னதாகவே பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்கியது.

அவள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். லீவில் ஆறு நாள் பாக்கி இருந்தது.