புள்ளிக்கணக்கு

நேற்றுக் காலை கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன், முகமெல்லாம் வெயில். உட்கார வைத்து மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இந்த வீட்ல எத்தன குடும்பம்மா?" என்றாள். "குடும்பம்னா என்னத்தச் சொல்றீக?" என்று திருப்பிக் கேட்டேன். பாவம், கிழவிக்கு மறதி என்று முடிவு கட்டிவிட்டாள். "ஒரே அடுப்புல சாப்புடுறவங்க ஒரு குடும்பம்மா" என்று நிதானமாக விளக்கினாள்.

மறதி வந்தால் தேவலையே. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஒரு கேள்விக்காக நானும் மீனாளும் விரல் நுனியெல்லாம் கார்பன் தாளின் நீலம் ஏற உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். அந்த நீலம் சோப்புக்கெல்லாம் போகாது. சோறு பிசையும்போதுகூட ஒரு மை வாசனை வரும். இப்போது கணக்கெடுப்பவர்கள் கையில் எந்த வாசனையும் இல்லை.

காரைக்குடியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தோம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து கள ஆய்வுக்கு ஒரு முன்வரைவு எழுதச் சொல்லியிருந்தார் பேராசிரியர். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம், யாரைக் கேட்கப் போகிறோம், என்ன கேட்கப் போகிறோம் என்று போவதற்கு முன்பே எழுதிக் காட்ட வேண்டும். நான் வைத்த முதல் தலைப்பு, 'இந்தியப் பொருளாதாரமும் இந்தியக் குடும்பமும்'. என் அப்பா புதுவயல் அரிசி ஆலைகளுக்கு மரவேலை செய்தவர். பஸ் ஏறிக் காரைக்குடி வருவதுதான் நான் கண்ட வெளியூர். அந்த லட்சணத்தில் இந்தியா! பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தியா அங்குட்டு இருக்கட்டும்மா. நடந்து போயிக் கேட்டுட்டு வர்ற தூரத்துல ஒண்ணு சொல்லு."

நடக்கிற தூரத்தில் மீனாளின் வீடு இருந்தது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடு. எல்லாருக்கும் முன்வாசல் ஒன்றுதான், உள்ளே கல்யாணமான ஒவ்வொரு அண்ணன் தம்பிக்கும் தனி அடுப்பு. ஒரே வாசலுக்குள் பல அடுப்பு எரியும் வீடுகளில் யார் பேச்சு எடுபடுகிறது? இதுதான் எங்கள் கேள்வி. மீனாள்தான் கண்டுபிடித்தாள். நான் அதற்கு அழகாக ஓரம் விட்டுக் கோடு போட்டேன்.

எதை ஒன்றாக வைத்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். "குடும்பம்னு கேட்டா எங்க ஆளுக முழிப்பாக. புள்ளின்னு கேளுடி" என்றாள் மீனாள். கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்தால் அவர்கள் சமூகத்து வழக்கத்தில் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கட்டும் கணக்கிலும் அப்படித்தான். புள்ளிவிவரத்துக்குப் புள்ளியே கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன். 'ஆய்வின் அலகு: புள்ளி' என்று எழுதி அடியில் இரட்டைக் கோடும் போட்டேன்.

கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் அவள் வீட்டிலேயே கேட்டுப் பார்த்தோம். பின்கட்டில் வத்தல் காயும் வாசனை. மீனாளின் சித்தப்பா மனைவி உமையாள் சின்னாத்தா சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா இளம் வயதிலேயே போய்விட்டார். வீட்டில் எத்தனை புள்ளி என்று கேட்டேன். கொழுந்தன்மார், பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வந்தவர், "அப்பறம் நான் ஒரு அரை" என்றார்.

அரைப்புள்ளி என்றால் எனக்குத் தெரிந்தது இலக்கணத்தில் வருவது மட்டும். துணையை இழந்தவர்கள் பாதிதான் என்று மீனாள் காதோரம் சொன்னாள். பேச்சை மாற்ற, "அப்ப மீனாள்?" என்றேன்.

"அவ எங்க புள்ளி? கல்யாணம் ஆனாத்தானத்தா வருவா."

மீனாள் பெரிதாகச் சிரித்தாள். தெருவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அலக மாத்துறோம்டி" என்றாள். அத்தனை தாளையும் மறுபடி எழுத வேண்டுமே என்று நான் முனகியதை அவள் காதில் வாங்கவில்லை. இரட்டைக் கோடு போட்ட வரியை அடித்துவிட்டு, தன் கையால் எழுதினாள்: 'இந்த ஆய்வில் ஒருவர் என்றால் ஒருவர்.' பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில், 'நன்று. போய்க் கேளுங்கள்' என்று எழுதித் தந்தார். அன்று நாங்கள் கொண்டாடியதைப் பார்த்திருந்தால் பட்டமே வாங்கிவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள்.

போய்க் கேட்க வாய்க்கவில்லை. மீனாளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ஆய்வு முடியும் வரையாவது பொறுங்கள் என்று அவள் தன் அப்பாவிடம், அவர்கள் பேச்சில் அப்பச்சியிடம், கெஞ்சியபோது நான் கூட இருந்தேன். அவர் கோபப்படவே இல்லை. "படிச்ச வரைக்கும் போதும்த்தா. மத்தத அவுக வீட்ல கேட்டுக்க" என்றார், சாந்தமாக. வெளியே வந்து மீனாள் சொன்னாள்: "நம்ம கேள்விக்கு மொத விடை கெடச்சுருச்சுடி." 

கல்யாணத்தன்று முற்றத்தைச் சுற்றிய வளவெல்லாம் கூட்டம். உமையாள் சின்னாத்தா மட்டும் பின்கட்டை விட்டு வரவில்லை. தாலி ஏறியதும் என் பக்கத்திலிருந்த ஆச்சி பூரித்துப்போய், "ஒரு புள்ளி கூடிருச்சு" என்றார். கழுத்து மாலைக்கு மேலே மீனாளின் முகம் என்னைத் தேடியது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் இல்லாமல் அந்த வீடுகளுக்குள் என்னை யார் விடுவார்கள்? வேறு எதையோ எழுதித் தேறினேன்.

முதல் பிரசவத்தில் மீனாள் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. துக்கத்துக்குப் போனபோது உமையாள் சின்னாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப அவரும் என்னய மாதிரி அரைதான்த்தா" என்றார், மாப்பிள்ளையைக் காட்டி. ஆனால் அவருக்கு அடுத்த தையிலேயே வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அரை, ஒன்றாகிவிட்டது. கோயில் கணக்கில் யாரும் குறையவில்லை. எனக்குத்தான் ஒரு ஆள் குறைந்தது, அதை எங்கே போய் எழுதுவது?

அந்த வீட்டை இடித்துத் தூண்களைக்கூட விற்றாயிற்று. பேராசிரியர் இல்லை. எங்கள் முன்வரைவின் கார்பன் நகல் என்னிடம் இருந்தது, வீடு மாறி மாறிப் போனதில் கரையானுக்குப் போய்விட்டது. மீனாளின் அந்த ஒரு வரி இப்போது என் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

கணக்கெடுக்க வந்த பெண் கிளம்பும் முன், "வேற யாரும் விட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டாள்.

"ஒருத்தி இருக்கா. மீனாள்."

அவள் போனில் பெயரை அடித்தாள். "இப்ப இங்க இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப சேர்க்க முடியாதும்மா" என்று சொல்லி, அடித்த பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.