பாயின் முகத்துக்குப் பொருந்திய விளக்கு

எங்கள் மேசைமேல் எப்போதும் ஒரு படம் கிடக்கும்: பாயின் முகம். கிழக்குத் தாம்பரத்தில் நானும் அவரும் கூட்டாக நடத்திய போட்டோ கலர் லேபில், புது விளக்கு எது வந்தாலும் அதன் கீழே அந்தப் படத்தையும் பாயையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். வெயிலில் இரண்டும் ஒரே நிறம். விளக்கின் கீழே முகம் ஒரு நிறமும் படம் ஒரு நிறமுமாகப் பிரிந்தால் விளக்கில் கோளாறு. இயற்பியல் படித்தவன் என்பதால் இந்தச் சோதனையில் எனக்குக் கர்வம் உண்டு.

“என் மூஞ்சிய வச்சு லைட்ட டெஸ்ட் பண்றீங்களே சார், லைட்டு பயந்துடப் போவுது” என்பார் பாய்.

எல்.இ.டி. விளக்குகள் வரத் தொடங்கிய காலம். ட்யூப் லைட்டைக் கழற்றிவிட்டு, திருமுடிவாக்கத்தில் ஒருவர் செய்துகொடுத்ததை மாட்டினோம். சில மாதம் சரியாக இருந்தது. பிறகு பாயின் முகம் படத்தைவிட மஞ்சளாகத் தெரிந்தது. செய்தவரைத் திட்டி வேறு விளக்கு வாங்கினேன். அதிலும் மஞ்சள். கடைசியில் நீலம் தூக்கலான ஒன்று கிடைத்தது. அதன் கீழே முகமும் படமும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த வாரமே பாயின் மனைவி கடைக்கு வந்தார். “அண்ணா, இவரு கண்ணு மூஞ்சியெல்லாம் மஞ்சளா கீற மாதிரி எனக்குத் தோணுது. டாக்டராண்ட போலாம்னா, உன் கண்ணுதான் சரியில்லன்றாரு. நீங்க கலர் பாக்கறவங்க, சொல்லுங்க.”

“பாத்துடுங்க சார், இல்லன்னா வூட்ல சோறு கிடைக்காது” என்று பாய் சிரித்தார்.

அந்தப் புது விளக்கின் கீழே அவரை உட்காரவைத்து, கன்னத்தருகே படத்தைப் பிடித்தேன். “ஒண்ணும் இல்லம்மா. உங்க வூட்டு பல்புதான் மஞ்சள்” என்றேன். அந்த அம்மா நிம்மதியாகப் போனார். வாசலில் உச்சி வெயில் அடித்தது. பாயை அங்கே நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்றுதான் பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தோன்றியது. வெயிலில் நிறம் பிரிந்தால் மறுபடியும் ஒரு விளக்கைத் தேட வேண்டும்; அலுப்பாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், பகல் வெளிச்சத்தில் அவர் கண்களைப் பார்த்தேன். அன்றே அவரையும் மனைவியையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கல்லீரல் என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், பாயின் மனைவியைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்த ரம்ஜானுக்குப் பாய் இல்லை.

போன மாதம் அந்த அம்மா, பிறந்து சில நாளே ஆன பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “கண்ணு மஞ்சளா கீதா, பாருங்கண்ணா.” நான் குழந்தையைப் பார்க்காமலே, உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

“நீங்க பாத்தா போதும்ணா. அவருக்கு நீங்க பாத்தப்போ நல்லாத்தானே இருந்தாரு? அப்புறம்தானே வந்துச்சு” என்றார்.

அவர் சொன்னது தப்பு என்று அன்றும் நான் சொல்லவில்லை. தெருமுனையில் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆட்டோவைப் பிடித்து, அவர்களோடு நானும் ஏறிக்கொண்டேன்.