என் டிவி பேசிய மதியம்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, டிவி முன்னால உட்கார்ந்தேன்.

பார்க்க இல்லீங்க. பரீட்சைக்கு.

விசயம் இதுதான். சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்துல, கண்ணையும் ஒரு தடவை காட்டிருங்கன்னு தேனிக்கு அனுப்பி வச்சாக. அங்கன டாக்டரம்மா என் தாடையை மிஷின்ல வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தாக. "கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு கெட்டிருக்கும்மா. போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து"ன்னாக.

காப்பாத்த முடியலைன்னா? கேட்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நமக்குத்தான் டாக்டர் முன்னால வாய் திறக்க வராதே... தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

மூணு மாசமாச்சு. யார்கிட்டயும் சொல்லல. திருப்பூர்ல இருக்கிற மகனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வந்து, வீட்டைப் பூட்டி, என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருவான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகதான் அப்படிச் செய்யும். அங்க மூணாவது மாடி. புருசனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போனப்பறம், பழகாத வீட்டுல, பழகாத சுவரைத் தடவிக்கிட்டு நான்...

மார்க்கையன்கோட்டையில இருக்கிற என் வீடு எனக்குத் தெரியும். அடுப்பு தெரியும், குடம் தெரியும், நிலைப்படி தலையில இடிக்கிற இடம் தெரியும். கண்ணை மூடிக்கிட்டுச் சோறு பொங்கிப் பார்த்தேன். பொங்கிட்டேன். டிவிதான் பாக்கி. நாள் முச்சூடும் எனக்குப் பேச்சுத் துணை வேற யாரு?

ரெண்டு ரிமோட். ஒண்ணு டிவிக்கு, ஒண்ணு கேபிள் பாக்ஸுக்கு. பாக்ஸ் ரிமோட்டுல அஞ்சாம் நம்பர் மேல ஒரு சின்னப் புள்ளி மேடா இருக்கும். கவனிச்சிருக்கீங்களா? நானும் கண்ணை மூடினப்பறம்தான் கவனிச்சேன். அதைப் பிடிச்சுக்கிட்டா மத்த நம்பரை எண்ணிக்கலாம். டிவி ரிமோட்டு அப்படி இல்ல, மொழுமொழுன்னு இருக்கு. எது தலை, எது கால்னே தெரியல. தடவித் தடவி எதையோ விடாம அமுக்கிப் பிடிச்சிருக்கேன் போல.

திடீர்னு ஒரு பொம்பளைக் குரல். இங்கிலீஷ்ல.

கண்ணைத் திறந்திருக்கலாம். பயத்துல திறக்க வரல. "யாரும்மா?"ன்னு கேட்டேன். பதில் இல்ல. ஒரு பட்டனை அமுக்கினேன் — பேசுறா. இன்னொண்ணு அமுக்கினேன் — அதுக்கும் பேசுறா. நான் செய்யிற ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்துச் சொல்ற மாதிரி.

போலீஸ்னு சொல்லி போன்ல வந்து மிரட்டுறாகன்னு தினமும் செய்தியில சொல்றாகளே... அவகதான் டிவிக்குள்ளயும் வந்துட்டாகன்னு நினைச்சேன். ஒருத்தி கண்ணை மூடிக்கிட்டுத் தனியா உட்கார்ந்திருக்கிறது அவகளுக்குத் தெரிஞ்சு போச்சே! பிளக்கைப் பிடுங்கினேன். மனசு அடங்கல. போர்வையை எடுத்து டிவி மேல போர்த்தினேன். குரலுக்கு எதுக்குப் போர்வைன்னு அப்பத் தோணல.

சாயங்காலம் மாசக் காசு வாங்கக் கேபிள்காரன் ஜெயபால் வந்தான். அம்பது வயசு ஆளு, முறைக்கு என்னை அத்தைன்னு கூப்பிடுவான். போர்வையைப் பார்த்துட்டு, "என்னத்தை, டிவிக்குக் காய்ச்சலா?"ன்னான்.

டிவிக்குள்ள ஒருத்தி பேசுறான்னேன். பிளக்கைச் சொருகி, அவ பேசுறதைக் கேட்டுட்டுச் சிரிச்சான்.

"பேயும் இல்ல, திருடனும் இல்ல அத்தை. கண்ணு தெரியாதவகளுக்காக டிவிக்குள்ளயே வச்சு விடுறாக. எந்த இடத்துல நிக்கிறோம், எதை அமுக்குறோம்னு வாசிச்சுச் சொல்லும். உங்களுக்கு எதுக்கு இது? அமத்திரவா?"

நான் என்ன சொல்லியிருக்கணும்?

"ஆமாப்பா... எனக்கு எதுக்கு"ன்னேன். அமத்திட்டு, காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி முறை. பெஞ்சுல பக்கத்துல கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அந்தோணியம்மாள்னு பேரு, ராயப்பன்பட்டி. ரெண்டு கண்ணும் போயி ஆறு வருசமாம். எப்படிப் பொழுது போகுதுன்னு மெதுவாக் கேட்டேன்.

"டிவிதான். ஆனா அடைமழை அன்னைக்குத்தான் உசுரு போச்சு. மியூசிக் மட்டும் டும்டும்னு அடிக்கிறான், பேச்சில்ல. கீழ எழுத்து ஓடுது போல. எந்த ஆத்துல வெள்ளம், எந்த ஊருக்காரக வெளியேறணும்... யாரு வாசிச்சுச் சொல்வா? தெருவுல போற ஆளைக் கேட்கலாம்னு வாசல்ல நிக்கிறேன். அந்த மழையில எவ போவா?"

என் டிவி பேசுன கதையைச் சொன்னேன். சிரிப்பாகன்னு பார்த்தா, முறைக்கிற மாதிரி என் பக்கம் திரும்பினாக.

"ஏத்தா, எங்க டிவி பழசு, அதுக்கு வாயே கிடையாது. உன் டிவி தானா வாயத் தொறந்திருக்கு, நீ போர்வையைப் போட்டு மூடியிருக்க. நல்ல பொம்பள நீ. சரி, உனக்கு இப்ப எம்புட்டுத் தெரியுது?"

"நேராப் பார்த்தாத் தெரியுது. பக்கவாட்டுல வர்ற ஆளு தெரியல."

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு"ன்னாக. வெயிலைப் பத்திச் சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னாக. நான்தான் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயபாலுக்குப் போன் போட்டேன்.

"என்னத்தை, மறுபடியும் பேசுதா?"

"இல்லப்பா. பேச வைக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அடுத்த கால் மணி நேரத்துல வந்துட்டான். சிரிக்கல. தமிழ்க் குரலை வச்சுக் கொடுத்தான். வெளியூர்க்காரி மாதிரி இழுத்து இழுத்து வாசிக்கிறா, பரவாயில்ல, புரியுது. ஆனா பாக்ஸுக்குப் போனதும் ஊமையாயிட்டா.

"டிவி பேசும் அத்தை, பாக்ஸ் பேசாது. அது வேற கம்பெனி."

"கீழ ஓடுற எழுத்து?"

"அதையும் வாசிக்காது."

டிவி செஞ்சவகளுக்குக் கண்ணு தெரியாத ஆளும் வீட்டுல இருக்கும்னு தெரிஞ்சிருக்கு. பாக்ஸ் செஞ்சவகளுக்கும், வெள்ளச் செய்தியை எழுத்துல மட்டும் ஓட விடுறவகளுக்கும் இன்னும் தெரியல. யாராச்சும் சொன்னாத்தானே தெரியும்? சொல்ல வேண்டியவளே எனக்கு எதுக்குன்னு தலையாட்டுனா?

கிளம்புறப்ப ஜெயபால் செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டான். "மச்சானுக்குத் தெரியுமா அத்தை?"

தெரியாது. பத்திரிகையில வாராவாரம் நான் எழுதுற இந்தப் பக்கத்தை மகன் படிக்கிறதில்ல. மருமக ஒரு வாரம் விட மாட்டா. நேர்ல சொல்ல வாய் வராதவளுக்கு இதை விட்டா வேற வழி ஏது?

தாயி, படிச்சதும் ரெண்டு பேரும் பஸ் ஏறிராதீங்க. முதல்ல போன் போடுங்க... தடவி எடுத்துருவேன்.